சூடான வீட்டுக்குள் மல்லிகை ஏன் மொட்டையாகிறது?

கேள்வி: கோடை முழுக்க எங்கள் வீட்டுப் பின்வளவில் சாடியில் நின்ற மல்லிகை படர்ந்து நன்றாகப் பூத்தது. குளிர் வருமுன்னே எடுத்துவிட வேண்டுமென்று செப்டம்பர் கடைசியில் உள்ளே கொண்டுவந்தோம். வரவேற்பறை சன்னலடியில், ஹீட்டர் காற்று வரும் இடமாகப் பார்த்து வைத்தோம். இரண்டு மூன்று கிழமைக்குள் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது. வெளியே குளிரில் பச்சையாக நின்ற செடி, சூடான வீட்டுக்குள் வந்தபிறகு ஏன் இப்படி ஆனது? குளிர் பட்டுவிட்டது என்கிறார் கணவர். தண்ணீர் காணாது என்று நான் தினமும் ஊற்றுகிறேன். நாவூறு என்கிறார் மாமியார். செடி செத்துவிட்டதா? பக்கத்தில் நிற்கும் காகிதப்பூவும் கொட்டத் தொடங்கிவிட்டது.
— வாசகி ஒருவர், ஸ்காபரோ, ரொறன்ரோ

பதில்: மூவரும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். நாவூறு என் துறைக்கு வெளியே. அதை மாமியார் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறேன். குளிர், தண்ணீர்க் குறை இரண்டையும் பற்றிச் சொல்ல முடியும். இரண்டுமே காரணம் இல்லை. ஆனால் "வெளியே குளிரில் பச்சையாக நின்றது, உள்ளே சூட்டில் கொட்டியது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் விடை பாதி இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்போம்.

முதலில் உங்கள் கவலை தீரட்டும். செடியின் அடித்தண்டில், மண்ணுக்கு நாலு விரல் மேலே, கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்து தெரிந்தால் அந்தக் கிளை போய்விட்டது. இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் பச்சை தெரியும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, கொட்டிய இலை ஒன்றைக் கையில் எடுத்துக் காம்பின் நுனியைப் பாருங்கள். பிய்ந்த நார் இல்லாமல், வழவழப்பாக, வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். இதுதான் முக்கியமான தடயம். உறைபனி பட்ட இலை இப்படி விழாது. அதன் திசுக்களில் நீர் உறைந்து, செல்களின் சவ்வுகள் கிழிந்து, இலை குழைந்து கறுத்துக் கொடியிலேயே தொங்கும். தண்ணீர் இல்லாமல் காய்ந்த இலையும் முதலில் துவண்டு, ஓரம் சுருண்டு, மொறுமொறுவென்று ஆகும். மஞ்சளாகி, தொட்டவுடன் சுத்தமாகக் கழன்று விழும் இலை செடி தானாகவே முடிவெடுத்து உதிர்த்த இலை. ரொறன்ரோவில் முதல் உறைபனி பொதுவாக அக்டோபரில்தான் இறங்கும். நீங்கள் அதற்கு முன்பே எடுத்துவிட்டீர்கள். ஆகவே கணவரின் கட்சி நிற்காது.

செடி எப்படி முடிவெடுக்கிறது? இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய செல் வரிசை ஒன்று உண்டு. உதிர்படலம் என்பார்கள், இலை கழல்வதற்கென்றே அமைந்த மூட்டு அது. ஆரோக்கியமான இலை ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியை ஓயாமல் தண்டுப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை மூட்டு இறுகி நிற்கும். வரத்து குறைந்தால், எத்திலீன் என்ற வாயு, வாழைக்காயைப் பழுக்க வைக்குமே அதே வாயுதான், அந்த மூட்டில் வேலையைத் தொடங்கிவிடும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை நொதிகளால் கரையும். அதற்கு முன்பே செடி அந்த இலையில் இருந்த தழைச்சத்தில் முடிந்ததையெல்லாம் தண்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரிவது அந்த நேரத்தில்தான். செத்த செடியால் இதையெல்லாம் செய்ய முடியாது.

சரி, நல்ல இலையை ஏன் உதிர்க்க வேண்டும்? அங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது.

உங்கள் வரவேற்பறை உங்களுக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். கண்பாவை விரிந்து சுருங்கி, விழித்திரை தன்னைச் சரிசெய்துகொண்டு, பத்து மடங்கு வித்தியாசத்தைக்கூட நமக்கு உறைக்காமல் செய்துவிடும். கருவி அப்படி இரக்கம் காட்டாது. கோடை நடுப்பகலில் உங்கள் பின்வளவில் ஒளியளவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. மேகமூட்டமான குளிர்கால நாளில் சன்னலருகே ஆயிரமோ இரண்டாயிரமோ இருக்கும். சோபாவுக்குப் பக்கத்தில் இருநூறு, முந்நூறு. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் போதாது என்றாலும், ஒருமுறை வாசலில் பிடித்துப் பார்த்துவிட்டு அறை நடுவில் பிடித்துப் பாருங்கள். அதன் பிறகு அந்த அறையை வெளிச்சமான அறை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இதோடு பகலின் நீளமும் சேர்கிறது. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. அதே நாளில் மதுரையில் பகல் பதினொன்றரை மணி நேரம். நண்பகல் சூரியன் 57 டிகிரியை ஒட்டி நிற்கும். மல்லிகைக்கு அதன் ஊரின் மார்கழி நண்பகல்கூட உங்கள் ஊர் செப்டம்பர் நண்பகலுக்குக் குறைந்ததில்லை.

இலை என்பது வரவும் செலவும் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு ஒளிச்சேர்க்கை, வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிப்பது. செலவு சுவாசம்; அந்தச் சர்க்கரையை எரித்து உயிர் வாழ்வது. வரவு வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான்; செலவு இரவும் பகலும் உண்டு. எந்த அளவு வெளிச்சத்தில் வரவும் செலவும் சரிக்குச் சரியாகிறதோ அதற்கு ஒளி ஈட்டுப்புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே போனால் அந்த இலை செடிக்குச் சுமை. வெயிலில் வளர்ந்த இலை தடிமனானது. உள்ளே செல்கள் அடுக்கடுக்காக நிற்கும். கோடையில் நிறையச் சம்பாதிக்கும். அதே தடிமனால் பராமரிப்புச் செலவும் அதிகம், ஈட்டுப்புள்ளியும் உயரம். முதிர்ந்துவிட்ட அந்த இலை, இடம் மாறியதற்காகத் தன்னை நிழல் இலையாக மாற்றிக்கொள்ள முடியாது. உதிர்ப்பது ஒன்றே வழி. பிறகு அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற புது இலையை, மெல்லியதாக, அகலமாக, செடி விடும். உங்கள் மல்லிகை இப்போது அந்த இடைவெளியில் நிற்கிறது.

இனிச் சூட்டுக்கு வருவோம். வெப்பமண்டலச் செடிதானே, சூடாக வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது இந்த விஷயத்தில் பரவலாக இருக்கும் தவறான எண்ணம். சுவாசம் வெப்பத்தைச் சார்ந்தது. பொதுவாக, பத்து டிகிரி கூடினால் அது ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பத்து டிகிரி குறைந்தால் பாதியாகும். வெளிச்சம் குறைந்த இடத்தில் வரவு ஏற்கெனவே விழுந்துவிட்டது. அங்கே ஹீட்டர் அருகே கொண்டுபோய் வைத்தால் செலவும் எகிறிவிடும். செப்டம்பர் இரவில் வெளியே 10, 12 டிகிரியில் நின்றபோது செலவு குறைவு, பகலில் வெயில் வரவு நிறைவு. ஆகவே பச்சையாக நின்றது. உங்கள் கேள்வியில் இருந்த பாதி விடை என்றேனே, அது இதுதான்.

ஹீட்டர் இன்னொரு வேலையும் செய்கிறது. உங்கள் பகுதியில் பல வீடுகளில் உலைக்காற்று வரும் தரைத் துவாரம் சன்னலுக்கு நேர் கீழே இருக்கும். கண்ணாடிப் பக்கமிருந்து இறங்கும் குளிரைத் தடுக்க அந்த ஏற்பாடு. வெளிச்சத்துக்காகச் செடியைச் சன்னலடியில் வைக்கிறவர்கள் பலரும் அந்தத் துவாரத்தின் வாயில்தான் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்தக் காற்றின் வறட்சியைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெளியே மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவி பிடிக்கும். 22 டிகிரியில் அதே அளவு காற்றால் 19 கிராம் பிடிக்க முடியும். வெளிக்காற்றைச் சூடாக்கி மட்டும் உள்ளே விட்டால் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வந்து நிற்கும். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் உயர்த்துகின்றன. துவாரத்தின் வாயில் உயர்த்துவதில்லை. பூவாளியால் இலைமேல் தெளித்தால் போதும் என்பார்கள். தெளித்த ஈரம் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும்; செடிக்கு லாபமில்லை, நமக்குத் திருப்தி.

வறண்ட சூட்டை விரும்பும் ஒரு ஜீவன் உண்டு: செஞ்சிலந்தி. கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத சிறு சிலந்திப்பேன் வகை. இலையின் அடிப்பக்கம் இருந்து சாறு உறிஞ்சும். மேலே பார்த்தால் இலை முழுக்க ஊசி குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் கொடியைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் அது தூசியில்லை. மீதி இருக்கும் இலைகளின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான நீரில் ஷவர் பிடித்துக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். தொட்டியில் எறும்பு ஏறுகிறதென்றால் கணுக்களில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேரிலிருந்து நீரை மேலே இழுப்பது பெரும்பாலும் இலைதான். இலை கொட்டிய செடி நீரை இழுக்காது. நீங்கள் தினமும் ஊற்றுவது மண்ணிலேயே நிற்கும். மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தில் நீர் நிறைந்தால் வேர் மூச்சுத் திணறும், பிறகு அழுகும். இலை உதிர்ந்து செடி சாவது அரிது; இலை உதிர்ந்ததைப் பார்த்து நாம் பதறி ஊற்றும் தண்ணீரில் சாவதுதான் அதிகம். இன்றே நிறுத்துங்கள். விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அந்த ஆழத்திலும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். உரம் இப்போது வேண்டவே வேண்டாம்.

இப்போது என்ன செய்யலாம்? வெளிச்சத்தைக் கூட்டுங்கள், சூட்டைக் குறையுங்கள். வீட்டில் தெற்கு பார்த்த சன்னல் இருந்தால் செடி அங்கே போகட்டும். சூரியன் தாழ்ந்திருப்பதில் ஒரே ஒரு சலுகை உண்டு: குளிர்காலத்தில் தெற்குச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் நீளமாக விழும். மேகம் விட்டால், என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் ஏரியோர ஊரில் அதை நம்பி இருக்க முடியாது. ஆகவே செடிகளுக்கான எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி, நுனியிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, தானாக எரிந்து அணையும்படி 12 முதல் 14 மணி நேரத்துக்கு வைத்துவிடுங்கள். விளக்கைத் தூரத்தில் வைத்தால் காசுக்குக் கேடு. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறத்தாழ கால்பங்காகிவிடும். அறை வெப்பம் 15, 16 டிகிரியில் இருந்தால் உத்தமம். ஆள் படுக்காத அறையில் துவாரத்தை அடைத்துவிட்டாலே பல வீடுகளில் அந்த அளவுக்கு வந்துவிடும். 10 டிகிரிக்குக் கீழே மட்டும் போக விடாதீர்கள். இலை கண்ணாடியைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர் நீங்கள் இல்லை என்பது ஆறுதலாக இருக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோவாவிலிருந்து அடுக்குமல்லிகை ஒன்று இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பெற்றவர் டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ. பிளாரன்ஸுக்கு அருகே காஸ்தெல்லோ மாளிகைத் தோட்டத்தில் அந்த மல்லிகைக்கென்றே ஒரு வெப்பமனை இருந்தது. ஒரு குச்சிகூட வெளியே போகாமல் காவல் போட்டார்கள் என்று கதை சொல்வார்கள். அந்த அடுக்கு வகை இன்றைக்கும் மேல்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் டஸ்கனிக் கோமகன் என்ற பெயரில்தான் விற்கிறது. கோவா மல்லிக்கு இத்தாலியப் பட்டம்! அந்தக் காலத்து ஐரோப்பியக் குளிர்காலச் செடிமனைகளைக் கட்டியவர்களுக்கு ஒளி ஈட்டுப்புள்ளி தெரியாது. ஆனாலும் தெற்குப் பக்கம் முழுக்கப் பெரிய சன்னல்களை வைத்து, உள்ளே உறையாத அளவுக்கு மட்டும் சூடு கொடுத்தார்கள். செடி சொல்லிக் கொடுத்திருக்கும்.

உங்கள் காகிதப்பூவின் கதை வேறு. அது பிரேசில்காரி. 1767இல் ரியோ டி ஜெனிரோவில் நங்கூரமிட்ட பிரெஞ்சுக் கப்பல் பயணத்தின்போது தாவரவியலாளர் கொமர்சோன் அதைச் சேகரித்து, அப்பயணத்தின் தளபதி பூகன்வில்லின் பெயரைச் சூட்டினார். கொமர்சோனுக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறி வந்திருந்த ழான் பாரே, உலகைக் கடல்வழியாகச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுகிறார். அந்தக் கதையை எழுத இங்கே இடமில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: காகிதப்பூ வறட்சி வந்தால் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் பழகிய கொடி. அதற்கு விளக்குச் செலவுகூட வேண்டாம். உறையாத, குளிர்ந்த கராஜிலோ நிலவறையிலோ, 5 முதல் 10 டிகிரிக்குள், மொட்டையாகவே விட்டுவிடலாம். வேர் முற்றிலும் காய்ந்துபோகாதிருக்க எப்போதாவது ஒரு குவளைத் தண்ணீர் போதும். மல்லிகைக்கு இந்த வைத்தியம் ஆகாது. அது குளிர்ச்சியைப் பொறுக்கும், இருட்டைப் பொறுக்காது.

பிப்ரவரி கடைசியில் பகல் நீளத் தொடங்கும்போது மல்லிகையைக் கவாத்து செய்யுங்கள். மொட்டைச் செடியை மேலும் வெட்டுவதா என்று மனம் வராது. தமிழ்நாட்டு மல்லி விவசாயிகள் ஆண்டுதோறும் இதைத்தான் செய்கிறார்கள். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டும்படி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டினால்தான் துளிர் பல கிளைக்கும். அவர்களுக்கு மார்ச்சிலேயே பூ வரத் தொடங்கும். உங்கள் செடி தொட்டியில் நிற்பதால் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் போதும். துளிர் அரை அங்குலம் வந்த பிறகு தண்ணீரைக் கூட்டி, நீர்த்த உரம் கொடுக்கலாம்.

அடுத்த ஆண்டு இவ்வளவு இலை கொட்டாதிருக்க ஒரு வழி உண்டு. ஆகஸ்ட் கடைசியிலேயே செடியை நேர்வெயிலிலிருந்து மர நிழலுக்கு நகர்த்தி இரண்டு வாரம் விடுங்கள். அங்கே அது நிழல் இலைகளை விடத் தொடங்கும். வீட்டில் உலை ஓடத் தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பர் நடுவில், இலைகளைக் கழுவி உள்ளே எடுத்துவிடுங்கள். அப்போதும் கொஞ்சம் கொட்டும், கொட்டட்டும்.

வெளியே வைக்கும்போதும் இதே படிகள்தான், தலைகீழாக. வீட்டுக்குள் பிறந்த மெல்லிய இலைகள் நேர்வெயில் பட்டால் ஒரே நாளில் வெளுத்துவிடும். மே மாதக் கடைசியில், விக்டோரியா தின விடுமுறை கழிந்து, இரவு வெப்பம் 10 டிகிரிக்குமேல் நிலைத்த பிறகு, முதலில் ஒரு வாரம் நிழலில், அடுத்த வாரம் காலை வெயிலில், அப்புறம் பழைய இடத்தில். ஏப்ரலில் ஒரு நாள் திடீரென்று 20 டிகிரி அடிக்கும். அன்று கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் ஏப்ரலில் பனி கொட்டுவது புதிதல்ல.